துணியைத் துவைக்காதவன் துடைக்கிறவனைத் திட்டாதே!

டிஸ்கி: கார் வச்சிருக்கறவங்களைப் பத்திக் கொஞ்சம் காரமாவே பேசப்போறேன். திட்டு வாங்கப்போற கூட்டத்துல முதல் ஆள் நான்தான்ங்கறதால யாரும் வீட்டுக்கு ஆட்டோ அனுப்ப வேண்டாம் :-)

ஞாயித்துக்கிழமை காலையில எந்த அபார்ட்மெண்ட் பார்க்கிங்குக்கு வேணும்னாலும் போய் நில்லுங்க. ஒருத்தர் பானட் பக்கத்துல குனிஞ்சு, தலையைச் சாய்ச்சு, வெயில் படுற கோணத்துல பெயிண்ட்டை உத்துப் பாத்துக்கிட்டு இருப்பார். அப்புறம் ஒரு "ச்சே!" வரும். அதுக்கப்புறம் வர்ற வசனம் ஊர் முழுக்க ஒண்ணுதான்.

"துடைக்கிற ஆளு வண்டியையே நாசம் பண்ணிட்டான் சார்."

போன வருஷம் இந்த வசனத்தை நானும் சொன்னேன். சொன்னதோட நிக்காம அசோசியேஷன் மீட்டிங்லயும் எழுந்து சொன்னேன். அந்த வயித்தெரிச்சல்தான் இப்ப எழுத வைக்குது.

மேட்டர் என்னன்னா, வெயில்ல பாத்தா சூரியனைச் சுத்தி சிலந்தி வலை பின்னின மாதிரி தெரியுதே, அது வட்டமா விழுந்த கீறல் கிடையாது. கீறல் எல்லாம் கண்டபடி எல்லாத் திசையிலயும்தான் கிடக்கும். வெளிச்சத்துக்குக் குறுக்கா இருக்கற கீறல் மட்டும் மின்னுறதால நம்ம கண்ணுக்கு வட்டமாத் தெரியுது. "வட்டம் வட்டமா தேச்சான், அதான் வட்டம் விழுந்துச்சு"ன்னு பஞ்சாயத்துல தீர்ப்பு சொல்ற பெரியவங்க இதைக் கொஞ்சம் குறிச்சுக்கணும். (நானும் அப்படித்தான் தீர்ப்பு சொன்னேன்.)

கீறல் விழுறது பெயிண்ட் மேல இருக்கற கிளியர் கோட்ல. பெரும்பாலான கார்கள்ல அது 40, 50 மைக்ரான் கனம்தான். நம்ம தலைமுடியை விடக் கம்மி. அதைக் கிழிக்கத் துணியால ஆகாது, துணிக்குள்ள மாட்டிக்கிட்ட மணலால ஆகும். மணல்ல இருக்கற குவார்ட்ஸ் கண்ணாடியையே கீறும். கிளியர் கோட் எந்த மூலைக்கு?

இங்கதான் மைக்ரோஃபைபர் துணி வருது. 9000 மீட்டர் நீளத்துக்கு ஒரு கிராம் எடை கூட இல்லாத இழைக்குத்தான் மைக்ரோஃபைபர்னு பேர். இப்படி மெல்லிசான இழையை 1970ல ஜப்பான்ல டோரே கம்பெனியில மியோஷி ஒகமோட்டோ உருவாக்கினது மெத்தையுறை, கோட்டு தைக்கிற செயற்கைத் தோலுக்காக. துடைக்கிற துணி எல்லாம் பின்னாடி வந்தது. நாம வாங்கற துணியில பாலியெஸ்டர், பாலியமைடு ரெண்டையும் ஒண்ணா இழைச்சு அப்புறம் பிளந்துடுவாங்க. 80க்கு 20, 70க்கு 30ன்னு அட்டையில போட்டிருக்கறது அந்தக் கணக்குதான். பிளந்த இழைங்களுக்கு நடுவுல இருக்கற சந்துதான் தண்ணியையும் தூசியையும் உறிஞ்சி வச்சுக்குது.

வச்சுக்குதுன்னா, விடாம வச்சுக்குதுன்னு அர்த்தம். பழைய பனியனை உதறினா பாதி மண்ணு கீழ விழும். இது உதறினா விழாது. பிடிச்ச மண்ணோட அடுத்த கதவுக்குப் போகும். அதனால துவைக்காத மைக்ரோஃபைபரை விடத் துவைச்ச பனியனே மேல்னு நான் சொன்னா "உனக்கு ஒண்ணும் தெரியாது"ன்னு ஒரு கோஷ்டி கிளம்பும். கிளம்பட்டும்.

நிற்க. என் கதைக்கு வரேன்.

கருப்பு கார் வாங்கினேன் (முதல் தப்பு). இணையத்துல நாலு வீடியோ பாத்துட்டு ஒரு டஜன் மைக்ரோஃபைபர் துணி வாங்கினேன். ரெண்டை எடுத்து வண்டி துடைக்கிற அண்ணன்கிட்ட குடுத்துட்டு, மீதி பத்தை எனக்குன்னு பத்திரமா வச்சுக்கிட்டேன். அவர் ரெண்டு துணியில எட்டு மாசம் ஓட்டினார். தினமும். நடுவுல ரெண்டு தடவை, "சார், இது மண்ணு பிடிச்சுப்போச்சு, வேற ஒண்ணு இருந்தா குடுங்க"ன்னு கேட்டார். ரெண்டு தடவையும் "அடுத்த மாசம் பாக்கலாம்ணே"ன்னேன். அலமாரியில பத்து துணி மடிச்சு வச்சிருக்கேன், அய்யா! அந்த நேரத்துல நான் எவ்வளவு பெரிய மனுஷன்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க.

அவர் தினமும் துடைச்சாகணும். ஒரு நாள் விட்டா "என்னண்ணே, இன்னைக்குக் கைவைக்கலையா"ன்னு கேக்கறதும் நாமதான். நைட்டு படிஞ்ச தூசி மேல, ஒரே பக்கெட் தண்ணியில இருவது வண்டி. அந்தத் தண்ணி மூணாவது வண்டியிலயே டீ கலருக்கு வந்துடும். இந்த ஏற்பாட்டுக்கு மாசம் ஒரு வண்டிக்கு ஐநூறு ரூபாய் குடுத்துட்டு, ஷோரூம் பளபளப்பு வேணும்னு நிக்கிறோம்.

கீறல் தெரிஞ்சதும் மீட்டிங்ல பொங்கினேன். என்னைப் பாத்து இன்னும் நாலு பேர் பொங்கினாங்க. அடுத்த மாசத்துல இருந்து அண்ணனை நிறுத்திட்டு ஒரு ஏஜென்சிக்கு வருஷக் காசு கட்டியாச்சு. இருவது வண்டி, ஒரே நாள்ல போச்சு அவருக்கு.

என் வண்டியை மட்டும் நானே பாத்துக்கறேன்னு சொல்லிட்டேன். காசு செலவு பண்ணி பாலிஷ் போட்டு கீறல் எல்லாம் எடுத்தேன். அப்புறம் என் பத்து துணி, என் கை, என் ஷாம்பு. மூணு மாசம். வெயில்ல நிறுத்திப் பாத்தா... அதே சிலந்தி வலை!

இப்ப யாரைத் திட்டறது?

பரண்ல இருந்து பழைய சிடி ஒண்ணை எடுத்தேன். பளபளன்னு இருக்கற பக்கத்துல என் துணியை வச்சு லேசா நாலு இழு. கீறல். இன்னொரு துணி. அதுவும் கீறல். துவைச்சு, மடிச்சு, மல்லிப்பூ வாசனை அடிக்கிற துணி! அந்த வாசனையிலதான் ஆரம்பம்.

நான் என்ன பண்ணிட்டிருந்தேன்னா, குளிக்கிற டவலோட சேர்த்து மெஷின்ல போட்டேன். டவல் விட்ட பஞ்சு எல்லாம் இதுல போய் ஒட்டிக்கிச்சு. சோப்புத்தூள் அள்ளிப் போட்டேன். எங்க போர் தண்ணியில சோப்பு முழுசாக் கரையவும் செய்யாது, அலசினா முழுசாப் போகவும் செய்யாது. கடைசியில மெத்து மெத்துன்னு இருக்கட்டும்னு ஃபேப்ரிக் கண்டிஷனர் ஒரு மூடி. கையில தொட்டா மெதுவா இருக்கறதுக்குக் காரணமே, அது இழை மேல எண்ணெய் மாதிரி ஒரு படலம் பூசறதுதான். இந்தத் துணிக்கு உயிரே அந்தச் சந்து. அதை நானே காசு குடுத்து அடைச்சேன். ஒரு சொட்டு தண்ணி விட்டுப் பாத்தேன், உறிஞ்சாம முத்து மாதிரி உருண்டு நின்னுச்சு. தண்ணி குடிக்காத துணி தூசியையும் உள்ள இழுக்காது. பெயிண்ட் மேலயே தள்ளிக்கிட்டுப் போகும்.

இது எல்லாத்தையும் விட உச்சம் ஒண்ணு இருக்கு. காய வைக்க மொட்டை மாடி கைப்பிடிச் சுவர் மேல விரிச்சுப் போட்டேன். காரை பேந்த சிமெண்ட் சுவர். ஈரத்துணியில மணலை நானே ஒத்தி எடுத்து, மடிச்சு, அலமாரியில அடுக்கி வச்சு, வாராவாரம் எடுத்துக் கருப்பு பானட்ல தேச்சிருக்கேன். அண்ணன் துணியில இருந்தது ரோட்டு மண்ணு. என் துணியில இருந்தது வீட்டு மண்ணு. வித்தியாசம் அவ்வளவுதான்.

சரி, எப்படித்தான் துவைக்கறதுன்னு கேப்பீங்க. ரொம்பப் பெரிய வித்தை இல்ல. தனியாத் துவைங்க, பருத்தித் துணியோட சேக்காதீங்க. தூள் வேண்டாம், திரவ சோப்பு கொஞ்சமாப் போதும். வெதுவெதுப்பான தண்ணி, 40 டிகிரி. கை பொறுக்கற சூடுன்னு வச்சுக்குங்க. பிளீச் கூடாது, கண்டிஷனர் கூடவே கூடாது. உப்புத் தண்ணி வீடா இருந்தா, அலசற தண்ணியில அரை டம்ளர் வெள்ளை வினிகர் ஊத்தி முக்கி எடுத்து, நல்ல தண்ணியில இன்னொரு அலசு. (வினிகரையும் பிளீச்சையும் மட்டும் ஒண்ணாக் கலந்துடாதீங்க சாமி, வர்றது குளோரின் வாயு.) நிழல்ல, கொடியில தொங்க விடுங்க. டிரையர் இருந்தா சூடு குறைச்சு வைங்க. அயர்ன் பாக்ஸ் பக்கமே போகக்கூடாது. என் நண்பர் ஒருத்தர் அயர்ன் பண்ணி நாலா மடிச்சு வச்சிருந்தார், நுனி எல்லாம் வெந்து அட்டை மாதிரி ஆயிடுச்சு.

வீல் துடைச்ச துணி பெயிண்ட்டுக்கு வரக்கூடாது. பிரேக்ல இருந்து வர்ற இரும்புத்தூள் எவ்வளவு துவைச்சாலும் முழுசாப் போகாது. கீழ விழுந்த துணி அன்னைக்கு வண்டி மேல போகக்கூடாது. ஓரத்துல தைச்சிருக்கற லேபிளை முதல் நாளே வெட்டிடுங்க. வேக்ஸ் துடைச்ச துணியை அன்னைக்கே ஊற வைங்க, காஞ்சுட்டா கதை முடிஞ்சது.

இதுல எது துடைக்கிறவர் வேலை, எது நம்ம வேலை? வாரத்துக்கு ஆறு துணி குடுத்து, சனிக்கிழமை வாங்கித் துவைச்சு, திங்கக்கிழமை திருப்பிக் குடுக்கறது யார் செய்ய முடியும்? வாஷிங் மெஷின் நம்ம வீட்ல இருக்கு. அவர் ரூம்ல இருக்கறது ஒரு பக்கெட்டு. "துணி வாங்கிக் குடுத்தாச்சு, மெயின்டெயின் பண்ண வேண்டியது அவன் பொறுப்பு"ன்னு இன்னும் பேசறவங்க, அவர் அறையில தண்ணி எத்தனை மணி நேரம் வருதுன்னு ஒரு நாள் விசாரிச்சுட்டுப் பேசுங்க.

இதையெல்லாம் போன மாச மீட்டிங்ல சொன்னேன். சிடியைக் கூட எடுத்துட்டுப் போனேன். "தப்பு என் மேல, அண்ணனைத் திரும்பக் கூப்பிடணும்"னேன். செயலாளர் பொறுமையாக் கேட்டுட்டு, "வருஷக் காசு கட்டியாச்சே சார், மார்ச் வரைக்கும் ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு சொல்லிட்டு லாரித் தண்ணி பிரச்சனைக்குப் போயிட்டார். ஏஜென்சி பையன் இப்ப அதே இருவது வண்டியை ஒரே துணியில துடைக்கிறான். அந்தத் துணியோட பழைய கலர் பச்சையா நீலமான்னு எங்களுக்குள்ள ஒரு பட்டிமன்றமே நடக்குது.

அண்ணன் இப்ப ரெண்டு தெரு தள்ளி ஒரு ஃபிளாட்ஸ்ல ஏழு வண்டி பாக்கறார். போய் நின்னேன். என்ன பேசறதுன்னு தெரியல. துவைச்ச துணி ஆறை நீட்டினேன். வாங்கி, விரிச்சு, வெளிச்சத்துக்கு நேரா ஒவ்வொண்ணாப் பிடிச்சுப் பாத்தார். ஒண்ணுல விரலை வச்சு ஏதோ துரும்பைக் கிள்ளி எறிஞ்சார்.

"இதைத்தான சார் அப்பவே கேட்டேன்"ன்னார்.