குறைந்த நிறை மீண்டும் கூடும்பொழுது

விழா மலரிற் சேர்ப்பதற்குப் பழைய நிழற்படங்கள் இருப்பின் அனுப்பியுதவுமாறு சங்கத்துச் செயலாளர் எழுதியிருந்தார். அலுமாரியின் அடித்தட்டிற் கிடந்த 1996ஆம் ஆண்டு உதைபந்தாட்டக் குழுவின் படத்தை எடுத்துத் தூசி தட்டினோம். கன்னம் ஒட்டி, முழங்கால் எலும்பு துருத்தி நிற்கும் அப்பிள்ளைகளுள் இடப்புறம் மூன்றாவதாக நிற்பவர் யாமே என்று சொன்னபொழுது, எம் மனையாள் படத்தையும் எம்மையும் மாறி மாறி நோக்கினாள். மகன் அத்துணைச் சிரமமும் எடுத்திலன். சிரித்துவிட்டு அப்பாற் சென்றான்.

அக்காலத்து மெலிவிற் பாதி விளையாட்டால் வந்தது. மறுபாதி போர்க்காலத் தட்டுப்பாட்டால் வந்தது. ஆகலின் அதனைப் பொற்காலமென்று புகழ யாம் ஒருப்படோம். ஆயினும், அப்படத்தில் நிற்கும் பதினொருவருள் இன்று நால்வர் 'சீனி வருத்தத்துக்கு' மருந்துண்கின்றனர் என்பதை எண்ணும்போது நகைத்து விட்டுவிடவும் முடியவில்லை. 2005–2006ஆம் ஆண்டுகளில், வடக்கும் கிழக்கும் நீங்கலாக ஏனைய ஏழு மாகாணங்களில் நடத்தப்பெற்ற ஆய்வொன்று, 20 வயது நிறைந்தோருள் நூற்றுக்குப் பத்துப்பேருக்கு மேல் நீரிழிவு உண்டெனக் கண்டது. நம் மாகாணத்தை அன்று அளந்திருப்பின் நிலைமை வேறாயிருந்திருக்குமென்று நம்புதற்கு எமக்குக் காரணம் எதுவும் தோன்றவில்லை.

மொழியும் கல்வியும் பற்றி எழுதவேண்டிய தமிழாசிரியர் ஒருவர் தொந்தியைப் பற்றி எழுதப் புகுந்தாரே என்று அன்பர்கள் முகஞ்சுளித்தல் வேண்டா. திருக்குறளில் 'மருந்து' என்றோர் அதிகாரம் உண்டு. அதனுள் மூலிகையின் பெயர் ஒன்றேனும் இல்லை; பாதிக்கு மேற்பட்ட குறள்கள் உண்ணும் அளவையே பேசுகின்றன. எனவே இது எம் தொழிலுக்குப் புறம்பான பொருளன்று. உடல் நிறையைக் குறைக்கும் வழியை யாம் ஈண்டு உரைக்க வரவில்லை. அதற்கு வைத்தியர்கள் உளர். குறைத்த நிறை மீண்டும் கூடியபின், இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் தோற்றபின், ஒருவர் எந்த முகத்தோடு மறுபடி தொடங்குவது என்பதே எம் வினா.

எமது கணக்கை முதலிற் சொல்லிவிடுகின்றோம். முதன்முறை இராச்சோற்றை நிறுத்தினோம். ஏழு கிலோ குறைந்தது. ஓராண்டுக்குள் அது வட்டியோடு திரும்பிற்று. இரண்டாம் முறை, மூன்று மாதத்திற் பத்துக் கிலோ குறைப்பதாக விளம்பரஞ் செய்த தூளொன்றை நீரிற் கரைத்துக் குடித்தோம். குறைந்தது பணப்பை மாத்திரமே. மூன்றாம் முறை நேர்ந்தது 2022ஆம் ஆண்டில். பெற்றோலுக்கு வரிசையில் நின்று சலித்து, பழைய துவிச்சக்கரவண்டியைத் துடைத்தெடுத்து நாளொன்றுக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் மிதித்தோம். எவ்வித உறுதிமொழியுமின்றி ஒன்பது கிலோ குறைந்தது. மறுவருடம் எரிபொருள் தாராளமாகக் கிடைத்தது. வண்டி மீண்டுஞ் சுவரிற் சாய்ந்தது. ஒன்பது கிலோவும் பிழையின்றி வந்து சேர்ந்தன. அந்நிறை எம் மனத்திட்பத்தாற் குறையவுமில்லை, மனத்திட்பம் அழிந்தமையாற் கூடவுமில்லை என்பதை நோக்குக.

யாம் இப்பொழுது பணிபுரிவது கல்முனைக் கரையோரத்தில். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் என்னும் ஊர்களிலிருந்து வரும் ஆசிரியர்கள் எம்மோடு கடமை புரிகின்றனர். நோன்பு மாதத்தில் அவர்கள் முகம் சற்றே மெலிவதும், பெருநாள் கழிந்து சில கிழமைகளுள் முன்போலாவதும் யாம் ஆண்டுதோறும் காண்பன. "நோன்புல குறைஞ்சதெல்லாம் வட்டிலப்பத்தோட வந்திரும் சேர்" என்று அவர்களே சொல்லிச் சிரிப்பர். பல நாடுகளில் ஆராய்ந்தோர் கண்டதும் ஏறக்குறைய அதுவே. எம்மவரும் இதற்கு விலக்கல்லர். கந்தசட்டியின் ஆறு நாளும் காத்த வயிற்றைப் பாறணைச் சோற்றில் நாம் படுத்தும் பாட்டை யாரறியார்?

நோன்பு நோற்பது வணக்கத்தின்பொருட்டேயன்றி உடல் மெலிதற்பொருட்டன்று. அதனை அறியாது யாம் பேசவில்லை. யாம் கண்டு வியந்தது பிறிதொன்று. அம்மாதத்தில் 'ஊக்கம்' என்னுஞ் சொல்லை எவரும் உச்சரிக்கக் கேட்டிலேம். ஊர் முழுவதன் மணிக்கூடும் ஒருங்கே மாறிவிடுகின்றது. பகலிலே தேநீர்க்கடைகள் அடைபட்டுக் கிடக்கின்றன. ஆசிரியர் அறையிற் பணிஸ் தட்டு வருவதில்லை. பிறர் உண்ணாதிருக்கையில் உண்ணாதிருத்தல் எளிதாகின்றது. தனியொருவர் தம் மனத்தோடு மல்லாட வேண்டிய நிலை அங்கில்லை. ஏனைய பதினொரு மாதங்களிலோ, கலியாண வீட்டிற் சகனைச் சுற்றி அறுவர் அமர்ந்திருக்க, ஒருவர் மாத்திரம் 'எனக்குப் போதும்' என்று கையை எடுக்கவேண்டியிருக்கின்றது. எடுத்தால், "என்ன, எங்கட சோறு பிடிக்கல்லையா?" என்னும் வினா எழுகின்றது. இவ்விரு நிலைகளிலும் இருப்பவர் ஒரே மனிதரேயன்றோ? அவர் நெஞ்சிலுள்ள ஊக்கம் ஓரிரவில் வற்றிப்போனதென்று கூறுதல் எங்ஙனம் பொருந்தும்?

இனி, உடம்பின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. மெல்பேர்ண் நகரிற் பிரியா சுமித்திரன் முதலிய ஆய்வாளர் 50 பேருக்குப் பத்துக் கிழமை கடுமையான உணவுக் கட்டுப்பாடு விதித்தனர். ஏறத்தாழ 13 கிலோ குறைந்தது. ஓராண்டு கழித்துச் சோதித்தபொழுது, பசியைத் தூண்டுஞ் சுரப்புக்கள் பழைய நிலைக்குத் திரும்பாமல் உயர்ந்தே நின்றன. இவ்வாய்வு 2011ஆம் ஆண்டு வெளியாயிற்று. அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியொன்றிலே பெருமளவு மெலிந்த 14 பேரை ஆறாண்டு கழித்துப் பார்த்தவர்களின் அறிக்கை 2016இல் வந்தது. சராசரி 58 கிலோ குறைந்தவர்கள் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தனர். அவர்தம் உடல், இளைப்பாறும்போது செலவிடவேண்டிய சக்தியினும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைவாகவே செலவிட்டது. பஞ்சத்துக்கு அஞ்சிய பழங்காலத்து உடம்பு, குறைந்ததை மீட்காமல் ஓய்வதில்லை போலும். இக்காலத்துப் புதிய ஊசிமருந்துகளால் மெலிந்தோரும், மருந்தை நிறுத்திய ஓராண்டில் இழந்ததின் மூன்றிலிரண்டு பங்கை மீளப் பெற்றனரென்று 2022இல் எழுதப்பட்டது. ஊசி போட்டவரை எவரும் சோம்பேறி என்பதில்லை. சோற்றைக் குறைத்துத் தோற்றவரை மாத்திரம் ஏன் அங்ஙனம் சொல்லுகின்றோம்?

சொன்னவருள் யாமும் ஒருவேம். அதனை இம்மலரில் எழுதலாமா என்று பல நாள் தயங்கினோம். எம்மோடு பணிபுரிந்த கணித ஆசிரியர் ஒருவர், எம்மினும் எட்டு வயது மூத்தவர், நீரிழிவு கண்டபின் கடுமையாக முயன்று பதினொரு கிலோ குறைத்தார். பாடசாலையே வியந்தது. அடுத்த ஆண்டு மகளின் திருமணம், தாயாரின் நோய் என்று அலைச்சல் மிகுந்தது, நிறை திரும்பிற்று. ஒருநாள் ஆசிரியர் அறையிற் பலர் கேட்க, "என்ன சேர், போன கிலோவெல்லாம் வழி தெரிந்து வீடு வந்து சேர்ந்துவிட்டனவோ?" என்றோம். எல்லோரும் சிரித்தனர், அவரும் சிரித்தார். சொல்லை அழகாக அடுக்கும் பழக்கம் தமிழாசிரியருக்கு எத்துணைப் பொல்லாதது என்பதை அப்பொழுது யாம் அறிந்திலேம். அதன்பின் அவர் மாலை நடையை விட்டார். அதனினும் கேடு, கிளினிக்குக்குப் போவதையும் விட்டார். "அந்தத் தராசில ஏறி நிக்க வெக்கமா இருந்திச்சு சேர்" என்று பின்னொருநாள் எம்மிடமே சொன்னார். ஒன்றரை ஆண்டு அங்ஙனம் கழிந்தது. உணர்ச்சி குன்றிய பாதத்தில் உண்டான புண்ணை அவர் காலந்தாழ்த்தே கண்டார். இடக்காலில் இரண்டு விரல்களை எடுக்க நேர்ந்தது.

எம் ஒரு சொல்லால் மட்டுமே அது விளைந்தது என்று கூறோம். விளைந்தவற்றுள் எம் சொல்லும் ஒன்று.

இப்பழி புதியதன்று. இலண்டனில் ஈமச்சடங்குத் தொழில் செய்த வில்லியம் பான்டிங் என்பார் 1863இல் தம் பருமனைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். முப்பதாண்டுக் காலம் அவர் முயலாத வழியில்லை. படகு வலித்தார், பசி மிகுந்து மேலும் பருத்தார். பொதுவிடங்களிலும் வண்டிகளிலும் பிறர் செய்த ஏளனம் தம்மை எவ்வளவு வருத்திற்று என்பதை அந்நூலில் ஒளியாது எழுதியுள்ளார். ஈற்றில், காது மந்தமாயிற்றென்று 1862இல் ஒரு காதுவைத்தியரிடம் போனார். அவரோ உணவை மாற்றச் சொன்னார். 202 இறாத்தலாயிருந்தவர் ஓராண்டில் 156 இறாத்தலானார். அப்பொழுது அவருக்கு வயது அறுபத்தாறு. அவர் விதித்துக்கொண்ட உணவுமுறையை நாம் அப்படியே கொள்ளவேண்டியதில்லை. இறைச்சியும் திராட்சை மதுவும் அதில் மிகுதி. முப்பதாண்டுத் தோல்விக்குப் பின்னும் ஒருவர் தொடங்கலாம் என்பதை மாத்திரம் கொள்வோம்.

தோற்றுப்போன முயற்சிகள் அனைத்தும் வீணா என்னும் ஐயத்துக்கு வருவோம். வீணன்று என்பதற்கு இரு சான்றுகள் உள. அமெரிக்காவில், நீரிழிவு வரும் நிலையிலிருந்த 3,234 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2002இல் வெளியாயிற்று. உணவைக் குறைத்து, கிழமைக்கு 150 நிமிடம் உடல் வருந்தியவர்களிடையே நீரிழிவு 58 வீதம் குறைவாகத் தோன்றிற்று. அவர்களும் நம்மைப் போன்ற மனிதரே. குறைத்த நிறையிற் பெரும்பகுதியை ஆண்டுகள் செல்லச்செல்லத் திரும்பப் பெற்றனர். ஆயினும் பத்தாண்டு முடிவிற் பார்த்தபொழுது, அவர்களிடையே நீரிழிவு அப்பொழுதும் 34 வீதம் குறைவாகவே இருந்தது.

மற்றைச் சான்று நமக்கு அணித்தானது. சென்னையில் வைத்தியர் இராமச்சந்திரனும் துணைவரும் 531 பேரை மூன்று ஆண்டளவு கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டனர். நாள்தோறும் அரைமணி நடக்கவும், சீனியையும் தீட்டிய அரிசியையும் எண்ணெயையும் குறைக்கவும் ஒரு பகுதியார்க்குச் சொல்லப்பட்டது. அறிவுரை பெறாதவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. பெற்றவர்களில் ஏறத்தாழ 39 பேருக்கே வந்தது. இதிற் கவனிக்கவேண்டியது, அவர்களுடைய நிறை சொல்லத்தக்க அளவு குறையவேயில்லை என்பது. தராசு அவர்களைத் தோற்றோர் என்றது. உடம்போ வென்றதாகக் கணக்கெழுதிற்று. எம் நண்பரும் இதனை அறிந்திருப்பின், தராசுக்கு வெட்கி நடையை நிறுத்தியிருப்பாரோ? யாம் அறிந்திருப்பின் அச்சொல்லைச் சொல்லியிருப்போமோ?

தராசை வீசியெறியுங்கள் என்பது எம் கருத்தன்று. அதனை நீதிபதியாக்கி நாம் குற்றவாளிக்கூண்டில் ஏறவேண்டியதில்லை என்கின்றோம். இடுப்பை ஒரு நாடாவால் அளந்து பார்க்கலாம். நம்மவருள் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்றிமீற்றருக்கு மேற்படின் எச்சரிக்கை கொள்ளவேண்டும். 2011ஆம் ஆண்டு தொட்டுச் சுகாதார அமைச்சு அரச வைத்தியசாலைகளில் நலவாழ்வு நிலையங்களை அமைத்து, நாற்பது கடந்தோரின் நிறை, குருதியமுக்கம், குருதிச்சீனி ஆகியவற்றைக் கட்டணமின்றிச் சோதிக்க ஏற்பாடு செய்தது. அங்கே ஆண்கள் வருவது அரிது. கூடிய நிறையோடு போவதற்கு நாணி, குறைத்தபின் போகலாமென்று காத்திருப்பவர் பலர். குளித்தபின்தான் குளத்துக்குப் போவேன் என்பதை ஒக்கும் இது.

சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். விழா விருந்தை இரவு பத்தரைக்குத் தொடங்காமல் ஏழு மணிக்கே தொடங்குக. "இன்னும் ஒரு கரண்டி" என்று இலையிற் கொட்டும் அன்பைச் சற்றே அடக்குக. இருபதாண்டுக்குப் பின் காணும் நண்பரிடம் முதல் வார்த்தையாக அவர் வயிற்றைப் பற்றிப் பேசாதிருக்குக. இம்மூன்றனுள் கடையது செலவில்லாதது. ஆயினும் அதுவே நமக்கு மிக அரிதாயிருக்கும் என்று அஞ்சுகின்றோம்.

அந்தக் கணித ஆசிரியர் வீட்டுக்குச் சென்ற ஆண்டு ஆவணியிற் போனோம். மன்னிப்பு என்னுஞ் சொல் எம் வாயில் வரவில்லை, "நாளைக்குக் கடற்கரைப் பக்கம் வருவீங்களா சேர்?" என்று மட்டும் கேட்டோம். காற்புண் முற்றாக ஆறிவிட்டதா என்று வைத்தியரிடம் கேட்டு, அதற்கென்று தைத்த சப்பாத்தை அணிந்து, பத்து நாளின் பின் வந்தார். சுபஹுத் தொழுகை முடிந்து அவர் வருவார். யாம் வாயிலிற் காத்திருப்போம். மாரிமழையில் மூன்று கிழமை நடை நின்றது. அவருக்கு இரண்டு கிலோ கூடிற்று, எமக்கு மூன்று. மழை விட்ட மறுநாள் இருள் பிரியுமுன் எம் வீட்டுப் படலையில் அவரே வந்து மணியடித்தார்.