வரைபடத்தில் தெரியாத பாறை

சென்ற கோடையில் ஓர் இரவு, முன்னாளில் எம்மிடம் படித்த மாணவி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். ஒஸ்லோ பியோர்ட்டின் தென்கரையில் குடும்பமாக வாழ்பவர். "சேர், இவர் பழைய பாய்ப்படகு ஒண்டு வாங்கிப்போட்டார். பிள்ளையளையும் ஏத்திக்கொண்டு போகப் போறாராம். வழிகாட்ட ரப்லெட் இருக்கு, பயமில்லை எண்டு சொல்லுறார். நீங்கள் ஒருக்கால் வந்து கதையுங்கோ" என்றார். தமிழும் வரலாறும் படிப்பித்த எமக்கும் கடலோட்டத்துக்கும் என்ன உறவு என்று வாசகர்கள் நகைக்கலாம். நாமும் நகைத்தோம். எனினும் அடுத்த சனிக்கிழமை அப்படகில் ஏறி அமர்ந்தோம்.

கருவி வியப்புக்குரியதே. சுக்கானுக்கு முன்னே பொருத்தப்பட்ட அந்தத் தட்டைக் கணினியின் திரையில் கடல் வரைபடம் விரிந்திருந்தது. எமது படகைக் குறிக்கும் சிறு அம்புக்குறி அதன் மேல் ஊர்ந்தது. ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதிகளில் குறைந்தது நான்கின் சைகைகளைப் பெற்று, அவை வந்துசேர எடுத்த நேரத்தைக் கணக்கிட்டு, நாம் நிற்கும் இடத்தைச் சில மீற்றர் பிழைக்குள் அது சொல்லிவிடுகிறது. 2000ஆம் ஆண்டு மே 2ஆம் திகதிவரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான சைகையை வேண்டுமென்றே மழுக்கி வைத்திருந்தது. அந்நாளில் பிழை 100 மீற்றர்வரை சென்றது. இன்று அந்தத் தடை இல்லை. இதற்கு இணையத் தொடர்பும் தேவையில்லை. ஆனால் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். மற்றொன்று, வைஃபை மட்டும் கொண்ட மலிவான ஐபாட்டில் ஜீ.பீ.எஸ். உறுப்பு இல்லை, சிம் வசதியுள்ளதிலேயே உண்டு. மாணவியின் கணவர் சரியானதையே வாங்கியிருந்தார்.

ஒரு மணி நேரம் கழிந்தது. வெயில் ஏறியது. திரை திடீரெனக் கறுத்து, சூடு மிகுந்துவிட்டது என்ற எச்சரிக்கை மட்டும் தோன்றியது. 35 பாகைக்கு மேற்பட்ட சூழலில் பாவிக்க வேண்டாம் என்று செய்தவர்களே சொல்லும் கருவி அது. நேர்வெயில் விழுந்தால் நோர்வேயிலும் அவ்வளவு சூடாகிவிடும். நிழலில் வைத்து ஆறவிட்டதும் உயிர் பெற்றது. பின்னர் அலை தெறித்தது. நீர்த்துளிகளை விரல்கள் என்று எண்ணிய திரை, வரைபடத்தைத் தன்பாட்டில் இழுத்துச் சென்றது.

இவற்றை நாம் பெரிதாகக் கொள்ளவில்லை. எம்மை உறுத்தியது வேறு. பாறை ஒன்றின் மேல் நாட்டிய இரும்புக் கம்பம் எமக்கு மிக அண்மையில் கடந்து சென்றது. தம்பியோ திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது இதிலையும் இருக்குத்தானே, சேர்" என்றார். இருந்தது. ஆயினும் அவர் திரையைப் பெருப்பித்த பின்னரே அது தோன்றியது.

கரைக்கு வந்ததும் அவருக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொன்னோம். உலகைச் சுற்றும் வொல்வோ பாய்ப்படகுப் போட்டியில், 2014 நவம்பர் 29ஆம் திகதி இரவு, வெஸ்ராஸ் அணியின் படகு கேப்ரவுனிலிருந்து அபுதாபி நோக்கி விரைந்துகொண்டிருந்தது. மொரீசியஸ் தீவுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 430 கிலோமீற்றர் தூரத்திலுள்ள கார்காடோஸ் கராஜோஸ் பவளப்பாறைத் தொடரில் அது ஏறி மோதியது. படகில் ஒன்பது பேர் இருந்தனர்; அதை ஓட்டியவர்கள் தேர்ந்த கடலோடிகள். தாம் எங்கே நிற்கிறோம் என்பதை அவர்களின் கருவிகள் பிழையின்றியே காட்டின. மின்னணு வரைபடத்தைச் சுருக்கிப் பார்க்கும்போது, நெரிசலைத் தவிர்ப்பதற்காக அது சிறு விபரங்களை மறைத்துவிடும். அவ்வாறு மறைந்தவற்றுள் அந்தப் பாறைத் தொடரும் ஒன்று. அவ்விடத்தை எவரும் போதிய அளவு பெருப்பித்துப் பார்க்கவில்லை. இரவில் அலைக்குள் சிக்கியும் ஒன்பது பேரும் உயிர்தப்பியது பெரும்பேறு. படகு மீண்டும் கட்டப்பட்டு, 2015 யூனில் லிஸ்பனில் போட்டிக்குத் திரும்பியது.

தம்பி சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "அந்த நாளையில எங்கட ஆக்கள் இதொண்டும் இல்லாமல் எப்பிடிப் போனவை?" என்று கேட்டார். 1990இல் மன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு வள்ளத்தில் கடந்தவர்களுள் நாமும் ஒருவர். விளக்கில்லாத இரவு. ஓட்டியவர் நட்சத்திரத்தைப் பார்த்தே திசை பிடித்தார். மணல்திட்டுகளை அண்மித்ததும் இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்து, முன்னணியத்தில் நின்ற பையனிடம் நீண்ட கம்பொன்றைக் கொடுத்தார். அவன் ஊன்றி ஊன்றி ஆழம் சொன்னான். கரை தெரிந்த பின்னரும் அவர் அந்தக் கம்பை வைக்க விடவில்லை. அதை அவ்விரவில் நாம் பிடிவாதம் என்றே எண்ணினோம்.

இரு வாரங்களின் பின் மீண்டும் சென்றபோது, படகில் கடதாசி வரைபடமும் திசையறிகருவியும் இருந்தன. முதல் நாளிரவே செல்லும் வழி முழுவதையும் திரையில் பெருப்பித்து, முனைக்கு முனை பார்த்து முடித்திருந்தார் தம்பி. பதினொரு வயது மூத்த மகள் அரைமணிக்கொரு தடவை திரையிலுள்ள பாகையையும் கலையையும் படித்து, கடதாசியில் பென்சிலால் புள்ளியிட்டாள். அகலக்கோட்டின் ஒரு கலை ஒரு கடல்மைல், அதாவது 1,852 மீற்றர் என்று எமக்கே பாடம் எடுத்தாள். எட்டு மீற்றருக்குக் குறைந்த படகு ஓடும்போது மிதவை அங்கி அணிவது 2015 முதல் நோர்வேயில் சட்டம்; எமது வயிற்றின் சுற்றளவுக்கு ஒன்று தேடுவது சற்றுச் சிரமமாயிற்று.

படகு புறப்படும் வேளையில் மாணவியும் இடியப்பப் பெட்டியுடன் வந்து ஏறினார். கம்பம் நாட்டிய அந்தப் பாறையைத் தாண்டும்வரை அவர் பெட்டியைத் திறக்கவில்லை.