பரணில் பிழைத்த கடிகாரம்

ஒரு தொழிலை வளர்க்க நூறு ஆண்டு ஆகும். அதை அழிக்க ஒரே ஓர் உத்தரவு போதும்!

1975-ம் ஆண்டில் அப்படி ஓர் உத்தரவு பிறந்தது. அமெரிக்காவில் உள்ள சிகாகோ நகரில் இருந்து அது வந்தது. போய்ச் சேர்ந்த இடம், சுவிட்சர்லாந்து நாட்டில் லெ லோக்கிள் என்ற மலையூர். அங்கே "ஜெனித்" என்ற புகழ்பெற்ற கடிகாரத் தொழிற்சாலை இருக்கிறது.

எந்திரக் கடிகாரங்கள் செய்வதை நிறுத்திவிட வேண்டும். அவற்றைச் செய்யும் கருவிகளை விற்றுத் தீர்த்துவிட வேண்டும். இதுதான் உத்தரவு.

ஆனால், அது முழுதாக நிறைவேறவில்லை. ஒரு மனிதர் குறுக்கே நின்றார். அவர் முதலாளி அல்ல. பெரிய அதிகாரியும் அல்ல. அந்தத் தொழிற்சாலையில் ஒரு பட்டறையின் பொறுப்பாளர். பெயர், சார்லஸ் வெர்மோ.

பனிக்காலத் தொழில்

லெ லோக்கிள், ஜூரா மலையில் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டருக்கும் அதிகமான உயரம். குளிர்காலத்தில் பனி மூடிவிடும். வயலில் வேலை நடக்காது.

அந்த நாட்களில் குடியானவர்கள் சும்மா இருக்கவில்லை. சன்னல் ஓரம் வெளிச்சத்தில் உட்கார்ந்து, கடிகாரத்துக்கு வேண்டிய சிறு சிறு உறுப்புகளைச் செய்தார்கள். சுமார் 300 ஆண்டுகளுக்கு முன் டானியல் ஜான்ரிச்சர் என்ற கைவினைஞர் இந்தத் தொழிலை அங்கே பரப்பினார். அவருக்கு அந்த ஊரில் சிலை இருக்கிறது.

ஒரு வீட்டில் பற்சக்கரம், இன்னொரு வீட்டில் முள், வேறொரு வீட்டில் கூடு என்று வேலை சிதறிக் கிடந்தது. ஜார்ஜ் பாவர் ஜாக்கோ என்ற இளைஞர் இதை மாற்றினார். எல்லா வேலைகளையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தார். அது 1865-ம் ஆண்டு. அப்போது அவருக்கு வயது 22-தான்! அந்தத் தொழிற்சாலைதான் பிறகு "ஜெனித்" என்று பெயர் பெற்றது. ஜெனித் என்றால் வானத்தின் உச்சி என்று பொருள்.

காந்தியடிகளிடமும் ஒரு ஜெனித் பைக் கடிகாரம் இருந்தது. அவருடைய மூக்குக் கண்ணாடி, செருப்பு ஆகியவற்றோடு அதுவும் 2009-ம் ஆண்டு மார்ச்சு மாதம் நியூயார்க் நகரில் ஏலம் விடப்பட்டது.

வினாடிக்குப் பத்துத் துடிப்பு

தொழிற்சாலையின் நூறாவது ஆண்டு நெருங்கியது. புதுமையான ஒரு கைக்கடிகாரம் செய்ய வேண்டும் என்று ஜெனித் கம்பெனி முடிவு செய்தது. 1962-ல் வேலை தொடங்கியது. நூற்றாண்டு விழா வந்து போனது. கடிகாரம் முடியவில்லை. அவர்கள் விடவும் இல்லை. 1969-ம் ஆண்டு ஜனவரி 10-ந் தேதி அது உலகத்துக்குக் காட்டப்பட்டது.

"எல் பிரிமேரோ" என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். "முதலாவது" என்று அர்த்தம்.

அதில் என்ன விசேஷம்? சாவி கொடுக்க வேண்டாம். கையை அசைத்தாலே முறுக்கு ஏறும். ஓட்டப்பந்தயத்துக்கு நேரம் குறிப்பதுபோல, வேண்டும்போது ஓடவிட்டு வேண்டும்போது நிறுத்திக் கணக்குப் பார்க்கலாம். அந்தக் காலத்துக் கைக்கடிகாரங்கள் பெரும்பாலும் வினாடிக்கு ஐந்து, ஆறு முறை துடிக்கும். இது பத்து முறை துடித்தது. ஒரு மணி நேரத்துக்கு 36,000 துடிப்பு! ஆகவே, ஒரு வினாடியைப் பத்தாகப் பங்கு போட்டு அளக்க முடிந்தது.

இத்தனையும் செய்யும் எந்திரத்தின் கனம் 6.5 மில்லிமீட்டர். அதற்குள் 278 உறுப்புகள்!

கல் கொடுத்த அடி

அதே 1969-ம் ஆண்டு, டிசம்பர் 25-ந் தேதி. ஜப்பான் நாட்டின் சீக்கோ கம்பெனி ஒரு புதிய கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் மின்கலமும், குவார்ட்ஸ் என்ற கல்லின் சிறு துண்டும் இருந்தன. மின்சாரம் பாய்ந்தால் அந்தக் கல் ஒரே சீராக அதிரும். அதை வைத்து நேரம் கணக்கிடப்படும்.

முதலில் அதன் விலை ஒரு சிறு மோட்டார் காரின் விலைக்குச் சமமாக இருந்தது. பிறகு விலை மளமளவென்று சரிந்தது. எந்திரக் கடிகாரத்தைவிடச் சரியாக நேரம் காட்டியது. விலையும் குறைவு. மக்கள் எதை வாங்குவார்கள்?

சுவிட்சர்லாந்து ஆடிப்போனது. 1970-ல் சுமார் 90 ஆயிரம் பேர் அங்கே கடிகாரத் தொழிலில் இருந்தார்கள். பதினைந்து ஆண்டுகளில் அது சுமார் 30 ஆயிரமாகச் சுருங்கியது. மூன்றில் இரண்டு பேருக்கு வேலை போயிற்று.

ஜெனித் கம்பெனி அப்போது அமெரிக்கர் கையில் இருந்தது. அதே "ஜெனித்" என்ற பெயரில் வானொலிப் பெட்டிகள் செய்த கம்பெனி அதை வாங்கியிருந்தது. அந்த முதலாளிகள் கணக்குப் பார்த்தார்கள். எந்திரக் கடிகாரத்துக்கு இனி வாழ்வில்லை என்று முடிவு கட்டினார்கள்.

பரண் ஏறிய கருவிகள்

வெர்மோ மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். ஒரு சிறிய பட்டறையையாவது விட்டுவையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். பலன் இல்லை.

பிறகு அவர் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். உறுப்புகளை அழுத்தி வெட்டும் அச்சு எந்திரங்கள், வெட்டுக் கருவிகள் ஆகியவற்றை யாருக்கும் தெரியாமல் தொழிற்சாலையின் பரணுக்குக் கொண்டுபோய் ஒளித்துவைத்தார். அச்சு எந்திரங்கள் மட்டும் சுமார் 150!

அதோடு நிற்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் அடையாளச் சீட்டு வைத்தார். எந்த வேலைக்கு எந்தக் கருவி, எதற்குப் பின் எது என்று எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிவைத்தார்.

1978-ல் தொழிற்சாலை மீண்டும் சுவிஸ் முதலாளி ஒருவர் கைக்கு வந்தது. சில ஆண்டுகளில் காற்று திசை மாறியது. எந்திரக் கடிகாரத்தை மக்கள் மறுபடி தேடத் தொடங்கினார்கள். கருவிகளைப் புதிதாகச் செய்வதென்றால் பெரும் பணமும், பல ஆண்டுகளும் ஆகியிருக்கும். பரண் திறந்தது. வெர்மோ எழுதிய குறிப்புகள் வழி காட்டின. 1984-ல் "எல் பிரிமேரோ" மீண்டும் துடித்தது!

1988-ல் ரோலெக்ஸ் கம்பெனி தன்னுடைய "டேடோனா" கைக்கடிகாரத்துக்கு இந்த எந்திரத்தை எடுத்துக்கொண்டது. தன் தேவைக்கு ஏற்பப் பல மாற்றங்கள் செய்து, 2000-ம் ஆண்டு வரை பயன்படுத்தியது. அந்தப் பரண் இப்போது பார்வையாளர்களுக்குக் காட்டப்படுகிறது.

யார் செய்தது சரி?

முதலாளியின் உத்தரவை மீறலாமா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், வெர்மோ ஒரு கருவியைக்கூடத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. விற்றுக் காசாக்கவும் இல்லை. கம்பெனியின் பொருளைக் கம்பெனியின் கூரைக்குள்ளேயே காத்தார். அதனால் லாபம் அடைந்ததும் கம்பெனிதான்.

குவார்ட்ஸ் கடிகாரத்தின் மீதும் குற்றம் இல்லை. ஏழையின் கையிலும் சரியான நேரம் ஏறியது அதனால்தான். புதியது வரட்டும். வரத்தான் வேண்டும். ஆனால், புதியது வந்த அன்றே பழையதைச் சுத்தியலால் உடைக்க வேண்டுமா? அங்கேதான் சிகாகோ முதலாளிகள் தவறினார்கள். அவர்கள் பார்த்தது அந்த ஆண்டின் வரவு செலவு. வெர்மோ நினைத்துப் பார்த்தது நூறு ஆண்டு உழைப்பு.

லெ லோக்கிள் ஊரையும் அதன் பக்கத்து ஊரையும் 2009-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்தப் பகுதியின் கடிகாரக் கைத்திறனையும் 2020-ல் பண்பாட்டுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது. பெருமைதான். ஆனால், பட்டயம் வந்து தொழிலைக் காப்பாற்றவில்லை. முதலில் ஒரு தொழிலாளி காப்பாற்றினார். பட்டயம் பிறகு வந்தது.

தறியோ, உலையோ, உளியோ, கடிகாரமோ, எந்தத் தொழிலுக்கும் இது பொருந்தும். விற்பனை குறையலாம். வேலை நிற்கலாம். அது கெட்ட காலம், கடந்து போகும். கருவி உடைந்தால், வேலை தெரிந்தவர் சொல்லாமலே மறைந்தால், அந்தத் தொழில் திரும்பாது.

ஆகவே, கருவிகளைப் பரணில் ஏற்றுங்கள். தொழில் அறிந்த பெரியவர்களைக் கேட்டு, அவர்கள் சொல்வதை எழுதிவையுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு அது உதவும்.