பிளே ஸ்டோர் காணவில்லையா? பதற்றம் வேண்டாம்!

கைபேசி கேள்வி - பதில்

‘‘மணிலாவும் நெல்லும் சாகுபடி செய்து வருகிறேன். மகன் புதுப் போன் வாங்கியதால், அவனுடைய பழைய ஆண்ட்ராய்டு போனை எனக்குக் கொடுத்துவிட்டான். அதில் ‘பிளே ஸ்டோர்’ இல்லை. உழவன் ஆப், பி.எம் கிசான் ஆப் எதையும் ஏற்ற முடியவில்லை. தவணைப் பணம் வர வேண்டுமானால், கே.ஒய்.சி முடிக்க வேண்டும் என்கிறார்கள். ஊர் வாட்ஸ்அப் குழுவில் ‘பி.எம் கிசான்’ என்ற பெயரில் ஒரு ஃபைல் வந்திருக்கிறது. அதை ஏற்றிக்கொள்ளலாமா? பிளே ஸ்டோரைத் திரும்பக் கொண்டுவர என்ன வழி?’’

- வாசகர், கீழ்பென்னாத்தூர், திருவண்ணாமலை மாவட்டம்.

முதலில் இரண்டாவது விஷயத்துக்குப் பதில். வாட்ஸ்அப்பில் வந்த அந்த ஃபைலைத் தொடவே வேண்டாம். குழுவில் அனுப்பியவர் தெரிந்த ஆளாக இருந்தாலும் வேண்டாம். அவருடைய போனே மோசடிக்காரர்கள் கையில் இருக்கலாம். எந்த அரசுத் துறையும் வாட்ஸ்அப்பில் ‘ஏ.பி.கே’ ஃபைல் அனுப்பி, ‘இதை ஏற்றிக்கொள்ளுங்கள்’ என்று விவசாயிகளிடம் சொல்வதில்லை. இதைப் பற்றிப் பின்னால் விரிவாகப் பார்க்கலாம்.

இனி பிளே ஸ்டோர். ஆண்ட்ராய்டு போனில் அது போனோடு சேர்ந்தே வரும் ஆப். மற்ற ஆப்களைப் போல அதை முழுதாக அழித்துவிட முடியாது. மறைக்கலாம் அல்லது முடக்கி வைக்கலாம். அதனால், ‘காணாமல் போய்விட்டது’ என்று நினைக்கும் போன்களில் பெரும்பாலும் அது உள்ளேதான் இருக்கும். கீழே உள்ள வரிசையில் ஒவ்வொன்றாகப் பார்த்தால் போதும்.

1. முகப்பில் இல்லாவிட்டாலும் உள்ளே இருக்கிறதா?

போனின் முகப்புத் திரையில் விரலைக் கீழிருந்து மேலே தள்ளினால், எல்லா ஆப்களும் வரிசையாக வரும். மேலே உள்ள தேடும் இடத்தில் ‘பிளே’ என்று ஆங்கிலத்தில் தட்டினால், பல வண்ண முக்கோணம் தெரியும். அதை அழுத்திப் பிடித்து முகப்புக்கு இழுத்து விட்டால் வேலை முடிந்தது. குழந்தைகள் போனை வைத்து விளையாடும்போது இந்தப் படம் முகப்பிலிருந்து நீங்கிவிடுவது சாதாரணமாக நடப்பதுதான்.

சில போன்களில் ஆப்களை மறைத்து வைக்கும் வசதி உண்டு. முகப்புத் திரையின் வெற்றிடத்தை அழுத்திப் பிடித்து, ‘ஹோம் ஸ்கிரீன் செட்டிங்ஸ்’ பகுதிக்குள் போனால், ‘ஹைட் ஆப்ஸ்’ என்று இருக்கும். பட்டியலில் பிளே ஸ்டோர் இருந்தால் எடுத்துவிடலாம். போன் ‘கிட்ஸ் மோட்’ எனப்படும் குழந்தைகளுக்கான அமைப்பில் இருந்தாலும், அனுமதித்த ஆப்கள் மட்டுமே தெரியும். அதிலிருந்து வெளியே வந்து பார்க்க வேண்டும்.

2. முடக்கி வைக்கப்பட்டிருக்கிறதா?

‘செட்டிங்ஸ்’ போய் ‘ஆப்ஸ்’ என்பதைத் தொட்டு, முழுப் பட்டியலையும் திறக்க வேண்டும். அதில் ‘கூகுள் பிளே ஸ்டோர்’ இருக்கிறதா என்று பார்க்கவும். தெரியாவிட்டால், ஓரத்தில் உள்ள மூன்று புள்ளிகளையோ, வடிகட்டும் குறியையோ தொட்டு, ‘சிஸ்டம் ஆப்ஸ்’ தெரியும்படி செய்ய வேண்டும். பிளே ஸ்டோரைத் திறந்ததும் ‘எனேபிள்’ அல்லது தமிழில் ‘இயக்கு’ என்ற பொத்தான் இருந்தால், அது முடக்கத்தில் இருக்கிறது என்று பொருள். அதை அழுத்தினால் திரும்பி வந்துவிடும். அதே பட்டியலில் ‘கூகுள் பிளே சர்வீசஸ்’ என்று இன்னொன்று இருக்கும். அதுவும் இயக்கத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால், பிளே ஸ்டோர் திறந்த வேகத்தில் மூடிக்கொள்ளும்.

3. இருக்கிறது, ஆனால் திறக்கவில்லையா?

போனில் தேதி, நேரம் சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்கவும். நீண்ட நாள் அணைந்து கிடந்த பழைய போனில் தேதி தவறாக இருக்கும். அப்போது பாதுகாப்பான இணைப்புகள் எதுவும் கிடைக்காது. அடுத்து, ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘அக்கவுன்ட்ஸ்’ போய், கூகுள் கணக்கு ஒன்று சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கணக்கு இல்லாமல் பிளே ஸ்டோரில் எதையும் இறக்க முடியாது. இவை சரியாக இருந்தும் திறக்காவிட்டால், பிளே ஸ்டோரின் ‘ஸ்டோரேஜ்’ பகுதியில் ‘கிளியர் கேஷ்’, பிறகு ‘கிளியர் டேட்டா’ கொடுக்கலாம். இதனால் போனில் உள்ள படங்களோ, தொலைபேசி எண்களோ அழியாது. கடைசியாக, பிளே ஸ்டோர் பக்கத்தின் மூன்று புள்ளிகளைத் தொட்டு, ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’ கொடுத்தால், போன் வாங்கியபோது இருந்த நிலைக்கு அது திரும்பும். பிறகு தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்.

இந்த வாசகரைப் போல வீட்டில் ஒருவர் பயன்படுத்திய போன் இன்னொருவர் கைக்கு வரும்போது, ‘ஃபேக்டரி ரீசெட்’ செய்து மொத்தமாகத் துடைத்துவிட்டுத் தொடங்குவதும் நல்ல வழிதான். முடக்கி வைத்த ஆப்கள் அதில் திரும்பிவிடும். ஆனால், படங்கள், எண்கள் எல்லாம் போய்விடும் என்பதால் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். மகனின் கூகுள் கணக்கை அவரே நீக்கிக் கொடுப்பது அவசியம். இல்லையென்றால், போன் மறுபடி திறக்கும்போது அந்தக் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு நின்றுவிடலாம். பணப் பரிவர்த்தனை ஆப்களையும் மீண்டும் பதிவு செய்ய வேண்டியிருக்கும்.

4. பட்டியலிலேயே இல்லையா?

‘சிஸ்டம் ஆப்ஸ்’ பட்டியலிலும் பிளே ஸ்டோர், பிளே சர்வீசஸ் இரண்டும் இல்லை என்றால், அந்தப் போன் பிளே ஸ்டோர் இல்லாமலேயே தயாரிக்கப்பட்டது. ஆண்ட்ராய்டு என்பது யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய மென்பொருள். பிளே ஸ்டோர் அப்படியல்ல. கூகுளிடம் உரிமம் பெற்ற நிறுவனங்கள் மட்டுமே அதைப் போனில் வைத்து விற்க முடியும். சீனாவில் விற்பனைக்காகத் தயாரிக்கப்படும் போன்களில் பிளே ஸ்டோர் வைப்பதில்லை. 2019-ம் ஆண்டு மே மாதம் அமெரிக்க அரசு விதித்த தடைக்குப் பிறகு வெளியான பெரும்பாலான ஹூவாவே போன்களிலும் இல்லை. வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் கொண்டுவரும் போன், பழைய போன் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் போன் ஆகியவற்றில் இந்தப் பிரச்னை வரலாம்.

இப்படிப்பட்ட சில சீன மாடல்களில், ‘செட்டிங்ஸ்’ பகுதியின் தேடும் இடத்தில் ‘கூகுள்’ என்று தட்டினால், கூகுள் சேவைகளை இயக்கும் சுவிட்ச் ஒன்று வரும். அதை இயக்கிவிட்டு, அந்த போன் நிறுவனத்தின் சொந்த ஆப் கடையில் பிளே ஸ்டோர் கிடைக்கிறதா என்று பார்க்கலாம்.

அந்தச் சுவிட்சும் இல்லாத போனில், ‘பிளே ஸ்டோர் ஃபைலை மட்டும் எங்கிருந்தாவது இறக்கி ஏற்றினால் போதும்’ என்று சிலர் சொல்வார்கள். போதாது. கிணற்றில் மோட்டாரை மட்டும் இறக்கிவிட்டால் தண்ணீர் வருமா? மின் இணைப்பு வேண்டும், ஸ்டார்ட்டர் வேண்டும், ஃபுட் வால்வு வேண்டும். அதுபோல, பிளே ஸ்டோருக்கு அடியில் கூகுள் சர்வீசஸ் ஃப்ரேம்வொர்க், பிளே சர்வீசஸ் ஆகியவை அந்தப் போனின் ஆண்ட்ராய்டு பதிப்புக்குப் பொருந்தும்படி இருக்க வேண்டும். எல்லாம் இருந்தும், கூகுளின் சான்று பெறாத போன் என்றால் கணக்கில் நுழையவிடாமல் தடுக்கலாம். தேறிவந்தாலும், வங்கி ஆப்கள் அதில் இயங்காமல் போக வாய்ப்பு உண்டு. விஷயம் தெரிந்தவர்கள் பொழுதுபோக்காகச் செய்யலாமே தவிர, வங்கிக் கணக்கு இணைந்த போனில் செய்து பார்க்கும் வேலையல்ல இது. கடைக்காரர் இதற்காகப் பணம் கேட்டால், அந்தத் தொகையை வேறு போன் வாங்கச் சேர்த்து வைப்பது லாபம்.

பிளே ஸ்டோர் இல்லாமலே கே.ஒய்.சி முடிக்கலாம்

பி.எம் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், தலா 2,000 ரூபாயாக மூன்று தவணைகளில் வருகிறது. கே.ஒய்.சி முடிக்க மூன்று வழிகள் உள்ளன. ஆப் மூலம் முகத்தைக் காட்டி முடிப்பது அதில் ஒன்றுதான். இது 2023-ம் ஆண்டில் வந்த வசதி. ஆதாரில் கைபேசி எண் இணைந்திருந்தால், போனில் உள்ள பிரவுசரிலேயே பி.எம் கிசான் அரசு இணையதளத்தைத் திறந்து, ஆதார் எண் கொடுத்து, வரும் ஓ.டி.பி-யைப் பதிவு செய்து முடிக்கலாம். அரசு இணையதள முகவரி ‘ஜி.ஓ.வி டாட் இன்’ என்று முடிகிறதா என்பதைக் கவனிக்க வேண்டும். எண் இணையவில்லை என்றால், பொது சேவை மையத்தில் கைரேகை வைத்து முடிக்கலாம். ஆக, பிளே ஸ்டோர் இல்லை என்பதால் தவணை நின்றுவிடாது. சந்தேகங்களுக்கு பி.எம் கிசான் உதவி எண் 155261.

உழவன் ஆப் தரும் தகவல்களில் மானியத் திட்டங்கள், விதை மற்றும் உர இருப்பு, வாடகை இயந்திரங்கள் ஆகியவற்றை வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலும் கேட்டுப் பெறலாம்.

அந்த ஃபைலில் என்னதான் இருக்கிறது?

‘பி.எம் கிசான்’, ‘வாகன அபராதம்’, ‘வங்கி கே.ஒய்.சி’, ‘கல்யாணப் பத்திரிகை’ எனப் பல பெயர்களில் ஏ.பி.கே ஃபைல்கள் வருகின்றன. ஏற்றியதும் அது முதலில் கேட்பது, குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதி. அதைக் கொடுத்துவிட்டால், வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி நேராக மோசடிக்காரர் கைக்குப் போகும். நாம் யாரிடமும் எண்ணைச் சொல்லாமலே கணக்கு காலியாவது இப்படித்தான். அறுவடைப் பணம், நகைக்கடன் பணம் கணக்கில் இருக்கும் நேரத்தில் இது நடந்தால் ஒரு பருவத்து உழைப்பே போய்விடும்.

‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்’ என்று தேடி, வாட்ஸ்அப், குரோம், ஃபைல் மேனேஜர் மூன்றுக்கும் அனுமதி இல்லை என்று மாற்றி வைத்தால், தவறி விரல் பட்டாலும் ஃபைல் ஏறாது.

ஏற்கெனவே ஏற்றிவிட்டவர்கள் உடனே நெட்டையும் வைஃபையையும் அணைக்க வேண்டும். வேறொரு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லி, கணக்கை நிறுத்தி வைக்க வேண்டும். பணம் போயிருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை இடையிலேயே நிறுத்த வாய்ப்பு அதிகம். அதன் பிறகு அந்த ஆப்பை நீக்கி, போனை ரீசெட் செய்து, வங்கிக் கடவுச்சொற்களை மாற்ற வேண்டும்.

‘‘என்னிடம் இருப்பது பட்டன் வைத்த ஜியோபோன். கடைக்காரர் ஒருவர் 200 ரூபாய் கொடுத்தால் பிளே ஸ்டோர் ஏற்றித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?’’

- வாசகி, அரவக்குறிச்சி, கரூர் மாவட்டம்.

கொடுக்க வேண்டாம். ஜியோபோனில் இருப்பது ஆண்ட்ராய்டு அல்ல, ‘காய் ஓ.எஸ்’ என்ற வேறு மென்பொருள். ஆண்ட்ராய்டு ஆப்கள் அதில் இயங்காது. அதற்கென்று உள்ள ‘ஜியோ ஸ்டோர்’ மூலம் கிடைப்பவை மட்டுமே ஏறும். இந்த வாசகிக்குத் தேவை வேளாண் ஆலோசனை என்றால், ஆப் இல்லாமலே கிடைக்கும். கிசான் கால் சென்டரின் 1800-180-1551 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றி அழைத்து, தமிழிலேயே கேட்கலாம். காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை பதில் சொல்வார்கள்.

‘‘பழைய ஸ்மார்ட்போன் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கும்முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?’’

- வாசகர், பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்.

மாடு வாங்கும்போது பல்லைப் பார்ப்பதுபோல, போனுக்கும் சில சோதனைகள் உண்டு.

‘செட்டிங்ஸ்’ பகுதியின் ‘அபௌட் போன்’ பக்கத்தில் ஆண்ட்ராய்டு பதிப்பு எண் இருக்கும். 4.4 பதிப்பு வரை உள்ள போன்களுக்கு, பிளே சர்வீசஸ் புதுப்பிப்பை கூகுள் 2023-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தோடு நிறுத்திவிட்டது. இப்படிப்பட்ட போனில் பிளே ஸ்டோர் இருந்தும் பயன் குறைவு. எவ்வளவு புதிய பதிப்போ, அவ்வளவு நல்லது.

பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே உள்ள வட்டப் படத்தைத் தொட்டு, ‘செட்டிங்ஸ்’, ‘அபௌட்’ என்று போனால், ‘பிளே ப்ரொடெக்ட் சர்டிஃபிகேஷன்’ என்ற வரி இருக்கும். அதில் ‘டிவைஸ் இஸ் சர்டிஃபைடு’ என்று காட்டினால் நல்ல போன்.

அடுத்தது, திருட்டுப் போனா என்ற சோதனை. *#06# அழுத்தினால், 15 இலக்க ஐ.எம்.இ.ஐ எண் வரும். குறுஞ்செய்தியில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் கே.ஒய்.எம் என்று அடித்து, இடம்விட்டு அந்த எண்ணையும் சேர்த்து, 14422 என்ற எண்ணுக்கு அனுப்பினால் விவரம் வரும். எண் தடை செய்யப்பட்டது என்றோ, போலி என்றோ பதில் வந்தால், அந்தப் போன் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது.

கடைசியாக, விற்பவர் தன் கூகுள் கணக்கை நீக்கி, ரீசெட் செய்து, வாங்குபவரின் கணக்கு கண்ணெதிரில் ஏறிய பிறகே பணத்தைக் கொடுக்க வேண்டும்.