கணினியின் சாவி யாரிடம்?

சென்ற மாதம் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அருகேயுள்ள ஒரு சங்கத்தை ஆய்வு செய்யச் சென்றிருந்தோம். நகைக்கடனைத் தீர்த்து நகையை மீட்க வந்த அங்கத்தினர் ஒருவர் கையில் ரொக்கத்துடன் காத்திருந்தார். சங்கத்தின் ஒரே கணினியோ முந்தின இரவு தானே 'அப்டேட்' செய்துகொண்டு, காலையில் நீலத் திரையில் 48 இலக்க எண் ஒன்றைக் கேட்டு நின்றது. அந்த எண் காரியதரிசிக்கும் தெரியாது, எழுத்தருக்கும் தெரியாது. கணக்குத் திறக்கவில்லை, ரசீது வரவில்லை. மாலையில் அவர் நகையின்றித் திரும்பினார். மறுநாள், கணினியை நிறுவியவரின் பழைய குறிப்பேட்டில் அந்த எண் கிடைத்தது. இயந்திரத்தில் பழுது ஏதுமில்லை. பூட்டு சங்கத்துடையது, சாவி மட்டும் சங்கத்திடம் இல்லை!

"அப்டேட்டையே அடியோடு நிறுத்திவிட்டால் என்ன?" என்று காரியதரிசிகள் சிலர் கேட்கின்றனர். இந்த அபிப்பிராயத்தை நாம் ஏற்பதற்கில்லை. 2017 மே மாதத்தில் 'வன்னாக்ரை' என்னும் நச்சு நிரல் சுமார் 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டியது. அது புகுந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதைப் போட்டுக்கொள்ளாத கணினிகளே பெரிதும் சிக்கின.

ஆனால் புதுப்பித்தலும் ஆபத்தற்றதன்று. 2024 ஜூலை 19-ஆம் தேதி 'கிரவுட்ஸ்டிரைக்' என்ற பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட்டினால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. அன்று நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்கு அனுமதிச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தனர். பேனாவும் காகிதமும் கைவிடவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

ஆகவே சங்கங்கள் செய்யத்தக்கவை சில உண்டு. கூலிப் பட்டுவாடா, பயிர்க்கடன் பட்டுவாடா நாட்களை ஒட்டி அப்டேட்டைச் சில தினங்களுக்கு ஒத்திவைக்கலாம்; அதற்கு விண்டோஸிலேயே வசதியுண்டு. கணினி நலமாக இருக்கும்போதே அந்த 48 இலக்க எண்ணை எடுத்து, உறையிலிட்டுச் சங்கப் பெட்டகத்தில் வைக்க வேண்டும். அன்றாடம் மாலையில் நிலுவைப் பட்டியலை அச்சிட்டு, கை ரசீதுப் புத்தகமும் தயாராக வைத்தால், எந்த அங்கத்தினரும் வீணே திரும்ப நேராது.

கோளாறு நேர்ந்தால் பதற்றத்தில் பொத்தான்களை அழுத்தலாகாது. இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்தி, அறுந்த இடத்தைக் கண்டு முடிகிறாரல்லவா? அதுபோலத் திரையில் தோன்றும் செய்தியை முதலில் எழுதிக்கொள்க. கணினியை ஒருமுறை நிறுத்தி மீண்டும் இயக்குக. கணினி இயங்கியும் அச்சுப்பொறியோ கைரேகைக் கருவியோ இயங்காவிடில், கடைசியாக வந்த அப்டேட்டை நீக்கிப் பார்க்கலாம். புதிய பதிப்பே ஏறியிருந்தால், பழையதற்குத் திரும்பப் பொதுவாகப் பத்து நாட்களே அவகாசம். தொலைபேசியில் உதவ வருவதாகச் சொல்லும் அறிமுகமற்றவரிடம் கணினியை ஒருபோதும் ஒப்படைக்கலாகாது.

63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அரசு 2022-இல் ஒப்புதல் அளித்தது. இயந்திரத்தை அரசு தரலாம். அதைப் பொறுப்புடன் ஆளும் ஒழுங்கைச் சங்கமே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில், "நம் கணினியின் சாவி யாரிடம் இருக்கிறது?" என்று அங்கத்தினர் ஒவ்வொருவரும் கேட்பாராக.