விதியை எழுதியவன் யார்?

புன்னக்காயல் கடலின் முத்துக்குளிப்பை வைத்து ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருக்கிறேன். கேள்விப்படும் நண்பர்களில் பாதிப் பேர் சொல்வது: "கதையில சாதி கீதின்னு இழுக்காதே, ஆட்டம் ஜாலியா இருந்தா போதும்." மீதிப் பேர்: "நம்மாளுகதான் கடலையே ஆண்டாங்கன்னு ஒரு ராஜா கதை வை." இரண்டும் ஒரே மோசடிதான்.

கதை வேறு, ஆட்டம் வேறு என்பதே பொய். பரமபதத்தில் ஒரு வசனம்கூடக் கிடையாது. ஏணி புண்ணியம், பாம்பு பாவம். கட்டையை உருட்டும் குழந்தைக்கு ஆட்டத்தின் விதியே தலைவிதியைப் பாடம் எடுத்துவிடுகிறது. சாதியும் இப்படித்தான் நிற்கிறது: விதி எழுதியவன் ஒருவன், தோற்பவன் இன்னொருவன், பழி மட்டும் முற்பிறவி மேல்.

அதே ஆயுதத்தைத் திருப்பிப் பிடித்தவர்களும் உண்டு. நிலவுடைமை எப்படிப் பிறரை ஓட்டாண்டியாக்குகிறது என்று விளையாடியே புரியட்டும் என்பதற்காக 'நிலக்கிழார் ஆட்டம்' ஒன்றை உருவாக்கி, 1904இல் காப்புரிமை பெற்றார் அமெரிக்காவின் எலிசபெத் மேகி. அதிலிருந்து வந்த மோனோபோலியோ ஓட்டாண்டியாக்குவதையே வெற்றி ஆக்கிவிட்டது. 2023இல் டொரண்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்ட 'வெண்பா'வில், சிதைந்துபோன அம்மாவின் சமையல் குறிப்பை நாம்தான் ஊகித்துச் சமைக்க வேண்டும். புலம்பெயர்ந்தவர்களின் இழப்பு அங்கே வசனமாக வருவதற்கு முன்பே கையில் தட்டுப்பட்டுவிடுகிறது.

என் ஆட்டத்தில் ராஜா இல்லை. கல்லைப் பிடித்து மூழ்குகிறீர்கள். மூச்சு குறைகிறது. கயிறு படகில் இருப்பவர் கையில். சிப்பியோடு கரையேறினால் மூன்று குவியல். இரண்டு அரசுக்கு, ஒன்றுதான் குளித்தவர்களுக்கு. பிரிட்டிஷ் ஆட்சியில் மன்னார் வளைகுடாவில் நடந்த பங்கீடு இது. பிரசங்கக் காட்சி வைத்தால் ஸ்கிப் பட்டனை அழுத்திவிடுவார்கள். விதியை யாரும் ஸ்கிப் செய்ய முடியாது.

'தொடக்கத்தில் சாதியைத் தேர்ந்தெடு' என்றொரு திரை வைக்கச் சொன்னவர்களும் உண்டு. பிறப்பை எவரும் தேர்ந்தெடுப்பதில்லை. ஒடுக்கப்பட்டவர் வாழ்வை 'கடினமான லெவல்' ஆக்குவது, ஜெயித்தவருக்குத் திறமைப் பட்டம் கட்டி, தோற்றவரையே குற்றவாளியாக்கும். லெவல் ஏறினால் தீர்ந்துவிடும் சாதியை ஊரில் யாராவது பார்த்ததுண்டா?

ஆட்டம் சலித்தால் அரசியலும் சலிக்கும், ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் மூச்சும் கயிறும் பதைபதைக்க வைக்க வேண்டும் என்று மாதக்கணக்கில் திருத்துகிறேன்.

கேம் செய்யும் தோழர்களே, நாயகனை அப்புறம் தேடுங்கள். முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள்: உங்கள் ஆட்டத்தில் மூழ்குவது யார், கரையில் நின்று எண்ணுவது யார்?