ஒண்ணுமில்ல மாமா!

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா பையன் கேட்டான்: "மாமா, மேட்ச்ல யாரு ஜெயிச்சாங்க?"

"நீங்கதாண்டா. ரெண்டுக்கு ஒண்ணு."

"ஓ... சூப்பர்."

சிக்னலில் சிவப்பு. நின்றோம். (இருவரும் ஹெல்மெட் போட்டிருந்தோம். டிராஃபிக் போலீஸ் வாசகர்கள் கவனிக்க.)

"மாமா, மேட்ச்ல யாரு ஜெயிச்சாங்க?"

கிண்டல் பண்ணுகிறான் என்று நினைத்தேன். அடுத்த சிக்னலில் அதே குரலில், அதே கேள்வியை மூன்றாவது தடவை கேட்டபோது எனக்குக் கை லேசாக நடுங்க ஆரம்பித்துவிட்டது. காரணம், அந்த மேட்ச்சில் கோல்கீப்பராக நின்றதே சாட்சாத் இவன்தான்!

நடந்தது இதுதான். இரண்டாவது பாதியில் எதிர் டீம் ஆசாமி ஒருவன் பந்தோடு தனியாக ஓடி வந்தான். பையன் பாய்ந்து அவன் காலடியில் விழுந்து பந்தைக் கட்டிக்கொண்டான். வந்த வேகத்தில் அவன் முழங்கால் இவன் பொட்டில் மோதியது. 'மடார்' என்ற சத்தம், கோட்டுக்கு வெளியே சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்த எனக்கே கேட்டது. பையன் அரை நிமிஷம் அசையவில்லை. கோச் ஓடிப் போய் முகத்தில் தண்ணீர் அடித்தார். "ஓகேவாடா?" "ஒண்ணுமில்ல சார்." எழுந்து நின்று என் பக்கமும் கையைக் காட்டினான். "ஒண்ணுமில்ல மாமா!"

அப்போது நான் என்ன செய்தேன்? சொல்ல வெட்கமாக இருக்கிறது. "சிங்கம்டா!" என்று கத்தி விசிலடித்தேன். மிச்சம் இருபது நிமிஷமும் ஆடினான். ஒரு நல்ல ஷாட்டைத் தடுக்கக்கூடச் செய்தான். அந்த இருபது நிமிஷம் இன்றுவரை அவன் ஞாபகத்தில் இல்லை.

நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். ஸ்கேன் எடுத்தார்கள். நல்லவேளை, ரத்தக் கசிவு இல்லை. "கன்கஷன்" என்றார் டாக்டர். "அடிபட்டதுக்கு அப்புறமும் ஆட விட்டீங்களா? யாரு விட்டது?" அக்கா என்னைப் பார்த்தாள். நான் ஸ்கேன் கவரைப் பார்த்தேன்.

கன்கஷன் என்பது ஆபீஸ் போகிறவர்களுக்குச் சுலபமாகப் புரியும். டிபன் பாக்ஸில் தயிர் சாதம் கொண்டுபோகிறீர்கள். பஸ் திடீரென்று பிரேக் அடிக்கிறது. பாக்ஸில் ஒரு கீறல்கூட இல்லை. மத்தியானம் திறந்தால் சாதம் மொத்தமும் ஒரு மூலையில் அப்பிக் கிடக்கிறது. மண்டையோடு பாக்ஸ், மூளை தயிர் சாதம். வெளியே ரத்தம் வர வேண்டும், வீங்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. இதில் வில்லங்கம் என்னவென்றால், 'எனக்கு ஒன்றுமில்லை' என்று தீர்ப்புச் சொல்லும் ஜட்ஜும் அந்த அடிபட்ட சாதம்தான். அது ஆறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால் ஆபத்து பல மடங்கு என்றார் டாக்டர். மூன்று வாரம் பந்தையே தொடக் கூடாது. தலைவலி அதிகமானாலோ, வாந்தி எடுத்தாலோ, உளறினாலோ நேரம் பார்க்காமல் தூக்கிக்கொண்டு வர வேண்டும்.

மற்ற பத்துப் பேருக்கும் கால்தான் தொழில். பத்துப் பேரும் காலை வைக்கிற இடத்தில் தலையை வைக்கிறவன் கீப்பர் ஒருவன்தான். (நானும் ஸ்கூலில் கீப்பர். தைரியத்தால் அல்ல. ஓட முடியாத குண்டர்களை அங்கேதான் நிறுத்துவார்கள்.) 1931-ல் கிளாஸ்கோவில் செல்டிக் கீப்பர் ஜான் தாம்சன், ரேஞ்சர்ஸ் ஆட்டக்காரர் ஒருவரின் காலடியில் பாய்ந்தார். மண்டையோடு நொறுங்கி அன்று இரவே போய்விட்டார். வயது 22. 1936-ல் சண்டர்லேண்ட் கீப்பர் ஜிம்மி தோர்ப், அவருக்கும் 22தான். உதைபட்ட பிறகும் ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். நாலு நாளில் முடிந்தது. ஏற்கெனவே சர்க்கரை வியாதி, அதோடு இந்த உதைகளும் சேர்ந்துகொண்டன. பந்தைக் கையில் வைத்திருக்கும் கீப்பர்மேல் காலைத் தூக்கக் கூடாது என்ற விதி அதற்கப்புறம்தான் வந்தது. ஆனால் தோளால் இடிக்கலாம்! 1958 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் போல்ட்டனின் நாட் லாஃப்ட்ஹவுஸ், மான்செஸ்டர் யுனைடெட் கீப்பர் ஹாரி கிரெக்கைப் பந்தோடு சேர்த்து வலைக்குள் தள்ளினார். ரெஃப்ரி 'கோல்' என்றார்.

இந்த வரிசையில் பெரிய ஹீரோ பெர்ட் டிராட்மன். ஜெர்மன்காரர். இரண்டாம் உலகப் போரில் பாராசூட் படையில் இருந்து, இங்கிலாந்தில் போர்க் கைதியாகி, அங்கேயே தங்கி மான்செஸ்டர் சிட்டிக்குக் கீப்பரானவர். 1956 எஃப்.ஏ. கோப்பை இறுதி. முடிய 17 நிமிஷம் பாக்கி. பர்மிங்ஹாம் ஆட்டக்காரர் மர்ஃபியின் முழங்கால் கழுத்தில் மோதியது. அப்போது மாற்று ஆட்டக்காரர் என்ற பேச்சே கிடையாது. கழுத்தைப் பிடித்துக்கொண்டே கடைசிவரை நின்று தடுத்தார். சிட்டி 3-1 என்று ஜெயித்தது. மெடல் வாங்கும்போதும் கழுத்து கோணல். நாலு நாள் கழித்து எக்ஸ்ரேயில் பார்த்தால், கழுத்தே முறிந்திருந்தது! உடைந்த எலும்போடு அடுத்த எலும்பு செருகிக்கொண்டு நின்றதால் பிழைத்தார்.

இந்தக் கதையை என் அக்கா பையனுக்கு எட்டு வயசில் சொன்னவன் அடியேன். கைதட்டித் தட்டிச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை அவன் எழுந்து நின்று கையைக் காட்டியதில் என் பங்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டால் தூக்கம் வரவில்லை.

"அந்தக் கறுப்புத் தொப்பியை வாங்கிக் குடுத்துடலாமாடா?" என்றாள் அக்கா. பீட்டர் செக் தொப்பி. 2006 அக்டோபர் 14. ரெடிங் மைதானத்தில் ஆட்டம் ஆரம்பித்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பந்தைப் பிடிக்கச் சறுக்கிய செல்ஸி கீப்பர் செக்கின் தலையில் ஸ்டீஃபன் ஹன்ட்டின் முழங்கால். மண்டையோடு உள்ளே அமுங்கி ஆபரேஷன். அவருக்குப் பதில் வந்த குடிச்சினியும் கடைசியில் இன்னொரு மோதலில் மயக்கமாகி வெளியே போக, டிஃபன்ஸ் ஆசாமி ஜான் டெரி கீப்பர் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். அதன் பிறகுதான் பிரிமியர் லீக்கில் ஆட்டக்காரர்களுக்கென்றே தனி ஆம்புலன்ஸ் மைதானத்தில் நிற்க வேண்டும் என்று விதியை இறுக்கினார்கள். மூன்று மாதத்தில் திரும்பி வந்த செக், ரக்பிக்காரர்களின் தொப்பியைப் போட்டுக்கொண்டார். 2019-ல் ஓய்வு பெறும்வரை கழற்றவில்லை. ஆனால் அது உடைந்து ஒட்டிய எலும்புக்குக் காவல். டிபன் பாக்ஸைத் துண்டில் சுற்றினால் பாக்ஸ் நசுங்காது. சாதம் ஆடத்தான் ஆடும்.

தொப்பியைவிட முக்கியம், 'வெளியே வா' என்று சொல்ல ஓர் ஆள். 2013 நவம்பரில் எவர்டன் மைதானத்தில் டாட்டன்ஹாம் கீப்பர் லோரிஸின் தலையில் லுகாகுவின் முழங்கால் மோதி மயக்கமே போட்டுவிட்டார். மாற்று கீப்பர் ஃப்ரீடல் தயாராக நிற்கிறார். லோரிஸ் எழுந்தார். 'போகமாட்டேன்' என்று ஒரே பிடிவாதம். ஆட விட்டார்கள்! மேனேஜர் வில்லாஸ் போவாஸ், என்னைப் போலவே, என்ன மன உறுதி என்று பாராட்டினார். உலக ஆட்டக்காரர்கள் சங்கம் கண்டித்தது. அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் விதி வந்துவிட்டது. மயக்கம் போட்டவர் அன்று மறுபடி இறங்கக் கூடாது. தீர்ப்பு டீம் டாக்டருடையது. மேனேஜரும் வாய் திறக்கக் கூடாது, ஆட்டக்காரரும்தான்.

டாக்டர் கண்ணிலும் படாவிட்டால்? 2018 மே, கீவ் நகரம். சாம்பியன்ஸ் லீக் இறுதி. லிவர்பூல் கீப்பர் கேரியஸ், பந்தை பென்ஸெமாவின் காலிலேயே உருட்டிவிட்டு ஒரு கோல் கொடுத்தார். பிறகு பேல் தூரத்திலிருந்து அடித்த பந்தைக் கைக்குள்ளேயே நழுவவிட்டார். மறுநாள் ஆபீஸில் நானும் பக்கத்து மேஜை நண்பரும் சிரித்த சிரிப்பில் மேனேஜர் எட்டிப் பார்த்தார். சில நாள் கழித்து பாஸ்டன் ஆஸ்பத்திரி டாக்டர்கள் சோதித்துவிட்டுச் சொன்னார்கள்: கேரியஸுக்குக் கன்கஷன், அது அவர் ஆட்டத்தைப் பாதித்திருக்கக்கூடும் என்று. முதல் கோலுக்குச் சற்று முன்புதான் ராமோஸின் முழங்கை தலையில் பட்டிருந்தது. சிரித்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழியில்லை.

2024 ஜூலையிலிருந்து, தலையில் அடிபட்டவருக்காக வழக்கமான மாற்றுகளுக்கு மேல் ஒருவரை இறக்கிக்கொள்ள ஆட்ட விதிகளே இடம் கொடுக்கின்றன. அதெல்லாம் டாக்டரும் டிவியும் இருக்கிற மைதானங்களுக்கு. எங்கள் ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் கோச், ஒரு பாட்டில் தண்ணீர், சுண்டல்காரர், நான். அவ்வளவுதான் மெடிக்கல் போர்டு.

நேற்று ராத்திரி கோச்சிடமிருந்து போன். பையன் பாய்ந்து எடுத்து, "ஒண்ணுமில்ல சார், ஞாயித்துக்கிழமை வந்துடறேன்" என்றான்.

போனைப் பிடுங்கினேன். "சார், அவன் வரமாட்டான். இன்னும் ரெண்டு வாரம் பாக்கி இருக்கு. டாக்டர் சரின்னு சொன்னப்புறம்தான்."

"செமி ஃபைனல் சார்..."

"தெரியும் சார்."

கொஞ்ச நேரம் மௌனம். "அப்ப கீப்பருக்கு ஆள் இல்லையே சார்... நீங்க ஸ்கூல் டீம்ல கீப்பர்னு பையன் சொன்னானே?"

ஒரு வாரத்தில் முதல் முறையாக அக்கா பையன் விழுந்து விழுந்து சிரித்தான். நான் இடுப்பு பெல்ட்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.